பெருமாயி பேர் எழுதிய கண்ணாடி

சென்றாயனுக்குக் கை நடுங்காது. அதனால்தான் மலைமேல் இருந்த வாழவந்தி நாட்டுக் கூரை ஆஸ்பத்திரியில் 1938-ல் டாக்டர் அவனைத் தோல் எடுக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். காது மடலை ரத்தம் வற்றும்படி விரலால் அழுத்தி, பிளேடால் லேசாகக் கீறி, கசிவதை வழித்துக் கண்ணாடித் துண்டில் தேய்ப்பான். விளக்கில் வாட்டி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தில் அலசி, நீலச் சாயம் விடுவான். பூதக்கண்ணாடிக் கருவியில் பார்ப்பது டாக்டர். நீலத்தில் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் ஒட்டுகிற பெருநோய், குஷ்டம். அப்புறம் ஊருக்கு வெளியே தனிக்குடிசைதான். பெற்ற பிள்ளையைக்கூடத் தொடக்கூடாது. எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். சென்றாயன் பாட்டுக்கு வேலை செய்தான்.

அவன் பெண்டாட்டி பெருமாயியின் முழங்கையில் தேமல் வந்தபோது அவளை டாக்டரிடம் கூட்டி வந்தான். டாக்டர் ஊசியால் குத்தினார். அவளுக்கு உறைக்கவில்லை.

"தோல் எடுத்து வை" என்றார்.

எடுத்தான்.

"ஏனுங்க, பால் குடிக்கிற புள்ளையப் பிரிச்சுருவாங்களா?" என்று அவனைக் கேட்டாள் பெருமாயி.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ ஊட்டுக்குப் போ."

அவள் போனதும், வாட்டிய அவள் கண்ணாடியைத் துணியில் சுற்றி மடியில் செருகினான். தன் காது மடலைக் கீறி வேறொரு கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, பெருமாயி என்று எழுதி வைத்தான். அயோக்கியத்தனம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"நிறைய இருக்கு சென்றாயா. இன்னைக்கே அவளைத் தனியா வை. குழந்தைக்கு ஆட்டுப்பால் குடு."

சென்றாயன் தன் காது மடலைத் தொட்டுப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டால் வீடும் பிள்ளையும் அவனுக்கு; அவள் போய்விடுவாள். அந்த நினைப்பும் வரத்தான் வந்தது. வராமல் இருக்குமா, மனுஷன்தானே. மடியிலிருந்து துணியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதுதானுங்க அவளுது. நீங்க பாத்தது என்னுதுங்க."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தான். அவர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவனையே சாயம் போடச் சொன்னார். அன்றைக்குக் கை நடுங்கியது. டாக்டர் அதையும் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"இதுல கிருமி இல்லை. இவளுக்கு இருக்கிறது ஒட்டாது. மருந்து போட்டுக்கிட்டு வீட்டிலேயே இருக்கட்டும்."

வீட்டுக்கு ஓடினான். வாசலில் பெருமாயி குழந்தையோடு நின்றிருந்தாள்.

"உனக்கு ஒண்ணுமில்லையாம்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "உங்கப்பன்கிட்டப் போ சாமி" என்று குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

அவன் நாலடி பின்னால் போனான்.