ஏழால் பெருக்காமல் விட்ட எண்

வாசிகசாலைப் பலகையில் ஒட்ட, இதை நானே எழுதுகிறேன்.

142857ஐ இரண்டு முதல் ஆறு வரை எதால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள்தான் இடம் மாறி வரும். முதியோர் வகுப்பில் படித்தேன்.

காலையில் மாங்குளம் பஸ்ஸில், பெயர்ப்பலகையை என்னைக் கொண்டு வாசிப்பித்து ஏறிய கருவாட்டுக்காரிக்கு அதைக் காட்டினேன்.

"எதால பெருக்கினாலும் இப்பிடித்தான். எழுத்துத் தெரியாத உனக்கு விளங்காது, பிள்ளை."

"ஏழால பெருக்கினீங்களோ, அப்பு?"

எங்கள் வகுப்பு ஆறாம் வாய்ப்பாட்டோடு நிற்கிறது.

"கடைசியில இருந்து ஒவ்வொண்டா வாசியுங்கோ, நான் பெருக்கிறன்."

வாசித்தேன். அவள் மனதால் பெருக்கி, ஒவ்வொரு முறையும் "ஒன்பது" என்றாள். ஆறு ஒன்பதுகளை எழுதினேன். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"போட்டு வாறன், அப்பு" என்று இறங்கினாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழாம் வாய்ப்பாடு தெரிந்தவர்கள் கீழே எழுதிவிடுங்கள். மன்னிப்புக் கேட்க எப்படித் தொடங்குவது என்று தெரிந்தவர்களும் எழுதலாம்.