கணக்கில் வராத நீச்சல்

ரிலேயில் எனக்குக் கடைசி இடம். மற்ற மூவரும் நீந்தி முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். நிற்கத்தான் எனக்கு வராது. கருவடிக்குப்பத்து வீட்டிலேயே பயிற்சிக்குக் கிளம்பும்போது கால் பரபரக்கும். இப்போதோ வெளிநாடு, தலையில் இந்திய அணியின் தொப்பி. தொடையைத் தட்டித் தட்டித் தோல் சிவந்துவிட்டது.

எனக்கு முந்தைய ஆள் மதுரைப் பெண், முகாமில் என் அறைத்தோழி. அவள் சுவரைத் தொட்டதும் குதித்தேன். திரும்பி வரும்போது பக்கத்துப் பாதைக்காரியின் கால்கள் என் முகத்துக்கு நேராகத் தெரிந்தன. அவளை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வேகமாக நான் நீந்தியதே இல்லை.

முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், பலகையில் எங்களுக்கு நேரம் போடவில்லை. தகுதி நீக்கம். இரண்டாவதாக நீந்தியவள் சுவரைத் தொடுமுன்பே மதுரைப் பெண் குதித்துவிட்டாளாம். கண் இமைக்கும் நேரம்தான்.

அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாச்சும் திட்டேன்டி" என்றாள்.

"திட்டி இன்னா ஆவப்போவுது."

அவள் பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. எழுந்து நடப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

ஊருக்கு வந்ததும் நேராகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா அங்கே மீன் விற்கிறாள். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"முன்னாடியே குதிச்ச பொண்ணு, அது இப்ப எப்டி இருக்குது?"

"தெரியலம்மா."

"போன் பண்ணலியா நீ?"

வரும் வழியிலேயே எஸ்.டி.டி. பூத்தில் எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்திருந்தேன். என்ன பேசுவது? அன்றைக்கு எண் முழுவதையும் அழுத்தினேன். அவளுடைய அம்மாதான் எடுத்தார். அவள் நீச்சல் குளத்துப் பக்கமே போவதில்லையாம்.

அந்த வாரமே மதுரைக்கு பஸ் ஏறினேன். அவளை இழுத்துக்கொண்டு போய்க் குளத்து மேடையில் நிறுத்தினேன். நான் நீந்தி வந்து சுவரைத் தொட வேண்டும், அவள் குதிக்க வேண்டும். முதலில் நான் தொட்டு மூச்சு வாங்கி முடித்த பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"பயமாருக்கு. போதும்டி."

"இன்னொரு வாட்டி."

வெயில் ஏறிய நேரத்தில் ஒருமுறை என் கை சுவரில் பட்டதும் அவள் என் தலைக்குமேல் பறந்து போனாள். தண்ணீரிலிருந்து எழுந்து, "முன்னாடியா?" என்று கேட்டாள்.

"இல்ல. சரியாத்தான் குதிச்ச."

"பொய் சொல்லாத."

"அப்ப மறுபடியும் குதி."

குதித்தாள். எத்தனையோ முறை.

அடுத்த தேர்வில் அவளை அணியில் எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. அவர்கள் நீந்திய அன்று வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் போனுக்குமாக அலைந்தேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"ஆறாவதா வந்தோம். நீ இருந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அவள் நீந்தியதில் சந்தோஷந்தான். ஆனாலும் அந்தத் தண்ணீரில் நான் இல்லையே.

"அடுத்த செலக்‌ஷன் எப்பன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.