கோழிக்கூண்டும் பக்கத்து வீட்டு நாயும்

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் அடி அண்ணாமலையில் குடியிருந்தோம். நாங்கள் என்பது பேச்சுக்குத்தான். கணவருக்கு ஓசூரில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். நான் திருவண்ணாமலையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்தேன். வீட்டுக்குப் பின்னால், மலையைப் பார்த்தபடி கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதில் கோழி வளர்க்கலாம் என்று தோன்றியது. அதுவரை நான் ஒரு கோழியைக் கையால் பிடித்ததுகூடக் கிடையாது.

சந்தையிலிருந்து எட்டு நாட்டுக்கோழிகளை வாங்கி வந்தேன். கூண்டை நானே செய்தேன். கடையில் மருந்து வந்து இறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்து, பலகைகளைச் சேர்த்து ஆணி அடித்தேன். முன்பக்கம் மெல்லிய கோழிவலை. கதவைக் கட்ட ஒரு சணல் கயிறு. அடியில் வெறும் மண்தரை. பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்றைக் காணோம். பக்கத்து வீட்டு நாய் கூண்டுக்கு அருகில் நின்று இறகுகளை மோந்து கொண்டிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் கிரில் பட்டறை வைத்திருந்தார். அவரை அண்ணா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அந்த அக்கா என்னை உரிமையோடு நீ, வா, போ என்றுதான் பேசுவார். அன்று காலை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்.

"அண்ணா, உங்க நாய் என் கோழிய அடிச்சிடுச்சி. கண்ணால பாத்தேன்."

கண்ணால் பார்த்தது நாயை மட்டும்தான். அவர் பல் துலக்கிக் கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "அப்படியா" என்றார். அக்காதான் உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

"பௌர்ணமி முடிஞ்சி ரெண்டு நாளுதான் ஆவுது. கிரிவலம் வந்தவங்க போட்ட சோறு ரோடு பூரா கெடக்குது. அதுக்கு உன் கோழி எதுக்கு?"

"நான் பொய் சொல்றேனாக்கா?"

அவர் உள்ளே திரும்பிவிட்டார்.

மறுநாள் நாய் அங்கே இல்லை. செங்கம் பக்கத்தில் மச்சான் ஒருவரின் கொல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டதாக, நான் கேட்காமலே அண்ணா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

சரியாகப் பதினைந்து நாள். மீண்டும் ஒரு காலை, இரண்டு கோழிகள் அதே போலக் கிடந்தன. தலையும் கழுத்தும் மட்டும் கடிபட்டிருந்தன. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. மாதுளைச் செடிக்குக் கீழே பள்ளம் தோண்டி இரண்டையும் புதைத்து, இறகுகளையும் பொறுக்கிப் போட்டு மண்ணைத் தள்ளினேன். குளித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று முழுவதும் மருந்துச் சீட்டுகளை வழக்கத்தைவிடக் கவனமாகப் படித்தேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் என் முடிவாக இருந்தது.

அந்த முடிவு ஒரு நாள்தான் தாங்கியது. அடுத்த நாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். அண்ணா ஒரு ஜன்னல் கம்பியை வெட்டிக் கொண்டிருந்தார்.

"அண்ணா, நேத்து மறுபடியும் ரெண்டு கோழி போச்சு."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "தலைய மட்டும் கடிச்சிருந்துச்சா?"

"ஆமா. உங்க நாய் இல்லண்ணா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"சரி. வாங்க, கூண்டப் பாக்கலாம்."

கூண்டைச் சுற்றி வந்து, பின்பலகைக்கு அடியில் இருந்த ஒரு சின்னக் குழியைக் காட்டினார். "நாயா இருந்தா கூண்டையே பேத்துப் போட்டிருக்கும். இது கீரி. மூணு வெரல் போற சந்து இருந்தா அதுக்குப் போதும்."

அந்தக் குழியை முதல் தடவையே பார்த்திருந்தேன். கோழி கிளறியது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நாயைக் கூட்டிவர அவர் செங்கத்துக்குப் போய் வந்தார். நாய் அங்கே இல்லை. விட்ட இரண்டாம் நாளே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். இதை என்னிடம் சொன்னபோதும் அவர் குரல் மாறவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக் கூண்டு எழுந்தது. ஒரு முழ ஆழத்துக்குச் சுற்றிலும் பள்ளம் எடுத்தது நான். கையில் கொப்புளம் வந்தது. அவர் இரும்புச் சட்டம் பற்றவைத்து, விரல்கூட நுழையாத கெட்டிக் கம்பிவலையைக் கட்டி, வலையின் அடிப்பகுதியைப் பள்ளத்துக்குள் இறக்கினார். அதன் மேல் கல்லும் சிமெண்டும் போட்டு மூடினோம். கதவுக்குத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு கொக்கி. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கோழிகள் ஏறி உட்கார ஒரு கொம்பு. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தண்ணீர் பின்பக்கம் வடிகிற மாதிரி சாய்த்து. அக்கா ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

கீரி அதற்குப் பிறகு இரண்டு இடங்களில் மண்ணைப் பறித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. உள்ளே வர முடியவில்லை.

கார்த்திகை மழை முடிந்து மார்கழி பிறந்தது. மலைப்பக்கத்திலிருந்து பனி இறங்கியது. எஞ்சியிருந்த மூன்று கோழிகளும் குளிரில் விறைத்துப் போகுமென்று பயந்து, நான் கூண்டை நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினேன். ஒரு வாரத்தில் ஒரு கோழி மூக்கு ஒழுகிச் செத்தது. மற்ற இரண்டுக்கும் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து வைத்தேன்.

அடுத்த நாள் காலை அக்கா வேலியைத் தாண்டி வந்து நின்றார். "உங்க கோழி தும்முது. எங்க வூட்டு வரிக்கும் கேக்குது." அவர் என்னை "உங்க" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது கடைசிவரை மாறவில்லை.

கதவைத் திறந்து உள்ளே கைவிட்டார். பிளாஸ்டிக்கின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஈரக் கையை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"மூச்சு வுட எங்க வழி வெச்சீங்க? குளுருல கோழி சாவாதுங்க. இந்த ஈரத்துலதான் சாவும்."

பிளாஸ்டிக்கை அவரே பிய்த்து எடுத்தார். காற்று அடிக்கிற வடக்குப் பக்கத்தில் மட்டும் கோணிச் சாக்கைக் கட்டச் சொன்னார். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடத்தைச் சுற்றிலும் திறந்தே விட வேண்டும். அங்கே வலை இருக்கிறது, எதுவும் வராது. தரையில் நெல் உமியைக் கனமாகப் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். சொல்லிவிட்டுத் தன் வீட்டிலிருந்து ஒரு மூட்டை உமியைக் கொண்டுவந்து கொட்டினார். "இதுக்கு மேல ஜாஸ்தி ஒண்ணும் வேணாம்" என்றார். நாயைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நான் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

இரண்டு கோழிகளும் பிழைத்தன. தை மாதம் ஒன்று அடை உட்கார்ந்தது. அடுத்த ஏழு வருடங்களில் நோயில் சில போயின, விருந்தாளிகளுக்குச் சில போயின. கீரியிடம் ஒன்றுகூடப் போகவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்கே குடிபோனேன். கோழிகளை அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கூண்டின் வலை சிமெண்டில் பிடித்திருந்ததால் அதைப் பெயர்க்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.