மூச்சு முட்டுவதைச் சொல்லாதவன்

என் அண்ணன் கடலில் முங்கிச் சங்கு எடுப்பவன். மூச்சு முட்டினாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அவர்கள் தொழிலில் பெருமை. கொரோனா வந்தபோது அந்தப் பெருமைதான் எங்களை ஏமாற்றியது. நாங்களெல்லாம் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்க, இவன் மட்டும் சிரித்தபடி கஞ்சி குடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

பிழைத்து வந்து ஒரு மாதமாகியும் நாலு படி ஏறினால் மேல்மூச்சு வாங்கியது. தங்கச்சி நான் கேட்டால் "ஒண்ணுமில்ல ஏளா" என்பான். எனக்கு வந்த கோபத்தில் இழுத்துக்கொண்டு போய் நுரையீரல் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். கிருமி எப்போதோ போய்விட்டதாம். அதை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் இன்னும் அடங்காமல் நுரையீரலைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. புண் ஆற ஆறத் தழும்பு விழுகிறது. தோலில் விழுந்தால் தொலைகிறது என்று விடலாம். நுரையீரலில் தழும்பு விழுந்த இடம் காற்றுக்கு விரிந்து கொடுக்காது. விழுந்தது பெரும்பாலும் மறையாது, இனி விழாமல் தடுக்கப் பார்க்கலாம் என்றார். காக்க வந்ததே இப்படிப் பதம் பார்க்கிறதே என்று எனக்கு ஆத்திரம். அதன் பிடிவாதத்தை நினைத்தால் வியப்பாகவும் இருந்தது, அண்ணனுடைய உடம்புதானே.

அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். குறைக்கும்போது மூச்சு வாங்கினால் உடனே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க மறைச்சா தழும்பு இன்னும் கூடும்" என்றார். அண்ணன் தலையாட்டினான். நான் நம்பவில்லை.

மாத்திரையைப் பாதியாகக் குறைத்த வாரம், கூட்டாளிகளைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனோம். அவர்கள் படகில் டீசல் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்; இருபது வருஷமாக அவனோடு முங்கியவர்கள். மணலில் கால் புதையப் பாதி தூரம் நடந்தவன் நின்றுவிட்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே, மூச்சு முட்டுது. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றான், அவர்களுக்குக் கேட்கும்படி. பிறகு என்னிடம், "ஏளா, டாக்டருக்குப் போன் போடு" என்றான்.

ஒருவர் காலிக் கேனைக் கொண்டுவந்து போட்டு அவனை உட்கார வைத்தார். எத்தனையோ ஆழம் போய் வந்தவன். அப்போதெல்லாம் அவன்மேல் எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.