கப்பல் பச்சை

முருகையாவின் கைக்கு ஒரே ஒரு நிறம்தான் தெரியும் என்று தீவின் ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் கேலி பேசுவார்கள். கப்பல் அறைகளுக்கு அடிக்கும் வெளிர்பச்சை. முப்பத்தைந்து வருடம் அதையே அடித்து ஓய்வு பெற்றவர். லம்பா லைன் பகுதியில் புதிதாகத் திறந்த சின்ன ஆஸ்பத்திரியில், "பேஷன்ட் ரூமுக்கு நல்ல கலரா நீங்களே முடிவு பண்ணுங்க, பெயிண்டர் சாப்" என்று டாக்டர் சங்கவி சொன்னபோது, மனிதர் நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டைப் புரட்டக்கூட இல்லை. ஆறு அறைகளில் ஐந்தைப் பச்சையாக்கிவிட்டார். மீதிப் பெயிண்ட் வரவேண்டிய கப்பல் தாமதமானதால் ஆறாவது மட்டும் வெள்ளையாகவே தப்பித்தது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ரெங்கம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அங்கேயே ஆபரேஷன், பச்சை அறை ஒன்றில் படுக்கை. அது நல்லபடியாக முடிந்தும், மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. கண்ணைத் திறந்தாலே குமட்டல்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. நாளைக்கும் இப்படியே இருந்தா மெயின்லேண்டுக்கு அனுப்பிடணும்," என்றார் டாக்டர். முருகையா கஞ்சிக் கிண்ணத்தோடு மனைவியிடம் போனார்.

"அரே, சுவத்தையே வெறிச்சுக்கிட்டுக் கிடக்காம தோடா, கொஞ்சமாவது குடி, ரெங்கம்மா," என்று கெஞ்சினார்.

"சுவத்தப் பாத்தாதாங்க வருது. கல்யாணமாகி சென்னையிலேருந்து கூட்டிட்டு வந்தீங்களே, அதே கப்பல் சுவரு. ஆடுதுங்க."

நான்கு நாள் பயணம் அது. புதுப்பெண் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்க, 'இது நான் அடிச்ச பெயிண்ட், தெரியுமா?' என்று பெருமை பேசியவர் இவர்தான். நினைத்ததும் கூசிப்போனார். நேராக டாக்டரிடம் ஓடினார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று டாக்டர் சிரித்தார். இருந்தாலும் ரெங்கம்மாவை வெள்ளை அறைக்கு மாற்றினார், மாத்திரையையும் மாற்றினார். சாயங்காலம் அரைக் கிண்ணம் கஞ்சி உள்ளே போய் அங்கேயே தங்கியது. காலையில் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, சட்னி சப்பென்று இருக்கிறது என்று சண்டைக்கு வந்தாள். முருகையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராந்தாவுக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தார். சுவரா மாத்திரையா என்று ஆராய அவருக்குப் பொழுதில்லை.

"எல்லா ரூமையும் மாத்தி அடிங்க," என்றார் டாக்டர். "இந்தத் தடவை, படுக்கறவங்களக் கேட்டுட்டு."

ஷேட் கார்டை எடுத்துப்போய் மனைவியின் மடியில் விரித்தார். "உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" இத்தனை வருடக் குடித்தனத்தில் பெயிண்டர் முதன்முதலாகக் கேட்ட கேள்வி.

ரெங்கம்மா யோசிக்கவே இல்லை. வெளிர்மஞ்சளில் விரலை வைத்தாள். "கப்பலை விட்டு எறங்கினதும் ஒரு குடோன் சுவத்துல சாஞ்சு நின்னேனே, அந்த மஞ்ச. அன்னிக்கு ஆடாம நின்னது அது ஒண்ணுதாங்க. ஞாபகம் இருக்கா?"

முருகையாவுக்கு ஞாபகம் இல்லை. அன்று அவர் திரும்பி நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.