இராக்கம்மா வைத்த பெயர்கள்

இராக்கம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் செடி இரண்டே வகை. ஒன்று தேயிலை. மற்றதெல்லாம் பிடுங்க வேண்டியது.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருடமாக அவளுக்குப் புல்வெட்டு வேலைதான். கையில் சுரண்டியோடு காலையில் குனிந்தால் பொழுது சாயும்போதுதான் நிமிர்வாள். கொழுந்து எடுக்கிற பெண்களைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம். “நின்னுக்கிட்டுச் செய்யிறதெல்லாம் ஒரு வேலையா?” என்பாள். புருஷன் காய்ச்சலில் செத்துப் பதினாறு வருடமாகியிருந்தது. பிள்ளை இல்லை. லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அறையில் தனியாக இருந்தாள். துணைக்கு அவள் வாய்தான் இருந்தது.

அந்த வாய்தான் அவளைப் பூப் பார்க்கவும் அனுப்பி வைத்தது.

1911ஆம் வருடம் பங்குனியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் தங்கை சீமையிலிருந்து வந்து இறங்கினாள். முப்பது வயது, கல்யாணம் ஆகாதவள். தோட்டத்தில் அவளைத் துரைசானி என்றார்கள். காட்டுப்பூக்களைத் தேடிப்போய்ப் படம் வரைவதில் அவளுக்குப் பைத்தியம். தோட்டத்துக்கு வெளியே புல்வெளியாகக் கிடக்கும் பத்தனைகளைத் தாண்டி, மொனராகலைப் பக்கத்துக் காடு வரை நாலு நாள் போய்வர வேண்டும், செடிகொடி தெரிந்த பெண்பிள்ளை ஒருத்தி கூட வேண்டும் என்று கேட்டாள். துரை அதை, கடல் தாண்டி ஆள் பிடித்து வந்து வேலை வாங்கும் பெரிய கங்காணி பொன்னையாவிடம் சொன்னார்.

பொன்னையா யோசிக்கவே இல்லை. முந்தின வாரம்தான் அவர் புதிதாகச் சங்கிலிக் கடிகாரம் ஒன்றைக் கோட்டில் மாட்டிக்கொண்டு காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்திருந்தார். “மணி பாக்கத் தெரியாத மனுசனுக்குச் சங்கிலி எதுக்கு? எங்கயும் ஓடிப்போயிருவாருன்னா?” என்று இராக்கம்மா கேட்டதில் களமே சிரித்தது. நாலு நாளாவது அந்த வாய் தோட்டத்தில் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தார்.

வண்டி புஹாரியுடையது. பதுளைக் கடையிலிருந்து தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிவரும் வியாபாரி. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் பேச்சை மாற்றிச் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

மாட்டுக்குப் புதுப்புல் முளைக்க மாசியில் ஊர்க்காரர்கள் தீ வைத்திருந்த பத்தனை, சித்திரை மழை விழுமுன்னே இரண்டு தூறலுக்குப் பச்சை பிடித்திருந்தது. கருகிய புல்லடிகளுக்கு நடுவே மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாய்ச் சின்னச் சின்னப் பூக்கள். துரைசானி வண்டியிலிருந்து குதித்து, பாவாடையோடு சாம்பலில் முட்டி போட்டாள்.

“எதத் தொலைச்சிட்டாங்க?” என்றாள் இராக்கம்மா.

“ஒண்ணும் தொலைக்கல்ல. பூவப் பாக்குறாங்க. இதுக்கு என்ன பேருன்னு கேக்குறாங்க.”

“களை.”

துரைசானி எழுதிக்கொண்டாள். அடுத்த பூவைக் காட்டினாள். அதுவும் களை. அதற்கடுத்ததும் களை. ஐந்தாவது களையில் துரைசானி பென்சிலை நிறுத்திவிட்டுப் புஹாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இராக்கம்மா, ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லிவிடுங்க. நான்தான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க” என்று புஹாரி கெஞ்சினார்.

பேர்தானே வேண்டும்? இராக்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். நுனியில் பழுப்பு மயிர் சிலுப்பிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டி, “இது கணக்கப்பிள்ளை மீசை” என்றாள். கொத்தாகப் பூத்து, கிட்டே போனால் குமட்டிய மஞ்சள் பூவுக்கு “டாக்டர் ஐயா மருந்து” என்று பெயர் வைத்தாள். துரைசானி மகிழ்ந்துபோய்ப் பக்கம் பக்கமாக எழுதினாள்.

பாறையில் நீர் கசிந்த இடத்தில் ஒரு செடி கிடந்தது. காசளவுதான் இருக்கும். சிவப்பு இலைகள், ஒவ்வொரு மயிர்நுனியிலும் ஒரு துளி பளபளத்தது. ஓர் ஈ அதில் ஒட்டிக்கொண்டு காலை உதறியது. துரைசானி மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

“இது பெரிய கங்காணி” என்றாள் இராக்கம்மா.

புஹாரிக்கு வேர்த்தது. “அது வேணாமே.”

“ஏன்? பாருங்க புஹாரி நானா. கடுக்கன் போட்ட மாதிரி மினுக்குது. சக்கர இருக்குன்னு நெனச்சு ஈ வருது. வந்த ஈ திரும்பி வீட்டுக்குப் போறதில்ல. வேற என்ன பேரு வைக்கிறது?”

புஹாரி மென்று விழுங்கி, அந்தத் தமிழ்ப் பெயரை அப்படியே திருப்பிச் சொன்னார். துரைசானி அந்தப் பெயரின் கீழே இரண்டு கோடு போட்டாள்.

மறுநாள் கீழே இறங்கினார்கள். கடுக்காயும் தான்றியும் நிற்கும் வெயில் காடு. கொன்றை மரங்கள் இலையே தெரியாமல் பூத்து, தடமெல்லாம் மஞ்சளாய்க் கொட்டிக் கிடந்தது. துரைசானி கையைக் கோத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“யாரு இதக் கூட்டுறது?” என்றாள் இராக்கம்மா.

மூன்றாம் நாள்தான் தகராறு வந்தது. காட்டோரத்தில் வெள்ளைப் பூ ஒன்றைத் துரைசானி காலையிலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு பூ, ஒரு சாணுக்கு மேல் இல்லாத செடி. இராக்கம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பகல் வெளிச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்ததே இல்லை. கை ஊறல் எடுத்தது. வேறு வழியில்லாமல் பூவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. கடைசியில் துரைசானியின் தோளைத் தட்டி ஏழு விரலைக் காட்டினாள்.

துரைசானிக்குப் புரியவில்லை. இராக்கம்மா பூவுக்குள் இருந்த ஊதாப் புள்ளிகளைக் காட்டினாள், பிறகு படத்தைக் காட்டினாள். படத்தில் ஆறு. துரைசானி எண்ணிப் பார்த்துவிட்டு முகம் சிவந்தாள். விடுபட்ட புள்ளியை வைத்து, அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாக்குறதுதான் வேலைங்கிறாங்க. அதுவும் ஒழுங்கா வரல்ல” என்று புஹாரியிடம் சொன்னாள் இராக்கம்மா.

சாப்பிடப் போன துரைசானி திரும்பிவர ஒரு மணி நேரமானது. அதற்குள் இராக்கம்மாவின் கை அவளைக் கேட்காமலே வேலையைப் பார்த்துவிட்டது. வெள்ளைப் பூவைச் சுற்றி எட்டு முழ தூரத்துக்கு ஒரு புல் இல்லை. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஓரமாகக் குவித்திருந்தாள். பிற்பகலில் வரையவென்று துரைசானி குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்த மூன்று செடிகளும் அந்தக் குவியலில் வாடிக் கிடந்தன.

துரைசானி கத்தினாள். என்னவெல்லாமோ சொன்னாள்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் கவலப்படுறாங்க.”

“இதுக்குத்தான் எனக்குக் கூலின்னு சொல்லுங்க. விட்டு வச்சாத்தான் எங்க ஊர்ல திட்டு விழும்.”

புஹாரி என்ன சொன்னாரோ, துரைசானி சற்று நேரம் இராக்கம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண் அடைந்து கறுத்த நகங்கள், மடங்கியது மடங்கியபடியே இருந்த விரல்கள். பிறகு வாடின செடிகளைப் பொறுக்கித் தாள்களுக்கிடையே வைத்தாள். அவற்றுக்கும் பெயர் கேட்டாள். இராக்கம்மா களை என்றே சொன்னாள்.

தோட்டம் திரும்பிய அன்று சாப்பாட்டு மேசையில் துரைசானி நோட்டைப் படித்துக் காட்டினாளாம். துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஈ தின்னும் செடி வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். பங்களாச் சமையல்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் லயத்தில் கேட்காத காது இல்லை.

மறுநாள் பெரட்டில் பொன்னையா அவளைத் தனியாக நிறுத்தினார்.

“எம்பேர வச்சியாமே ஒரு செடிக்கு?”

“உங்க பேரு பொன்னையாங்க. நான் பெரிய கங்காணின்னுதான் வச்சேன்.”

“ஈ திங்கிற செடிக்கா?”

“அந்தச் செடி ஒண்ணும் வருத்தப்படல்லீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பொன்னையா அவளை உச்சியில் உள்ள கல்லு மலைக்குத் தள்ளினார். போகவே ஒரு மணி நேரம் ஏற வேண்டும், அட்டைக்கடி வேறு. காலில் விழுந்தால் பழைய இடத்துக்கு மாற்றுவதாக ஆள் சொல்லி அனுப்பினார். “குனியிறது புல்லுக்கு மட்டும்தான்” என்று பதில் போனது. ஒரு வருடம் முழுக்க ஏறி இறங்கினாள். முழங்கால் வீங்கியது. லயத்தில் யாரிடமும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இரவில் விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டாள்.

அடுத்த பங்குனியில் துரைசானி மறுபடியும் புறப்பட்டாள். போன தடவை வந்த பெண்தான் வேண்டும் என்றாள். துரை ஒரே வார்த்தையில் உத்தரவு போட்டார்.

பொன்னையா காம்பரா வாசலுக்குத் தானே வர வேண்டியதாயிற்று. இராக்கம்மா அடுப்பூதிக்கொண்டிருந்தாள். ஊதி முடிக்கும்வரை திரும்பவில்லை.

“தொர கூப்பிடுறாரு. நாளைக்கு வண்டி.”

“எனக்குக் கல்லு மலையில வேல கெடக்குங்களே.”

“வந்தப்புறம் பழைய கீழ் மலைக்கே போயிக்க.”

“பெரட்டுல வச்சுச் சொல்லுங்க. நாலு பேரு காதுல விழணும்.”

அவர் பல்லைக் கடித்தார். காலையில் பெரட்டில், எங்கோ பார்த்துக்கொண்டு, சொன்னார். இராக்கம்மா “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிப்பக்கம் நடந்தாள். முழங்கால் வலியை மறைத்து நிமிர்ந்து நடந்தாள்.

வண்டியடியில் துரைசானி அவளைக் கண்டதும் கையைக் குவித்தாள். உதட்டைச் சுழித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, “இராக்கம்மா, சொகமா?” என்றாள்.

இராக்கம்மா புஹாரியின் பக்கம் திரும்பினாள்.

“ஒரு வருசமா இத ஒண்ணத்தான் படிச்சாங்களா?” என்று கேட்டுவிட்டு, துரைசானியின் பெயின்ட் பெட்டியை வாங்கி, மழை வந்தாலும் நனையாத பக்கமாக வண்டிக்குள் வைத்தாள்.