வாசலைப் பார்த்த சப்பாத்துகள்

பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடப் போகும்போது இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனம் சப்பாத்தைக் கழற்றிவிடும். மொன்றியலில் வெளியே பனி கிடந்தாலும் அதில் மாற்றமில்லை. அந்த வருடம் எங்களுக்கு முன்னால் ஒருவர் பூட்ஸோடு போய் முழங்காலிட்டார்.

“கோயிலுக்குள்ள சப்பாத்தோட போறார். என்ன சனமோ,” என்றார் அம்மா, என் காதருகே.

எனக்குக் கோபம் வந்தது. பூட்ஸோடு போனவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவர். ஈராக்கிலிருந்து வந்த கிறிஸ்தவர். போர் வந்தபோது ஆயுதக்காரர் அவருடைய ஊருக்குள் புகுந்து, மதம் மாறு, இல்லையென்றால் மத்தியானத்துக்குள் வெளியேறு என்றார்கள். ஊர் எல்லையில் மறித்து மோதிரத்தைப் பறித்தார்கள், பிறகு சப்பாத்தையும். கொதிக்கும் தார் ரோட்டில் மனைவியோடு வெறுங்காலில் நடந்தார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அவர் எங்கேயும் சப்பாத்தைக் கழற்றுவதில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன்.

“அவையளுக்கு ‘போ’ எண்டாவது சொன்னாங்கள்,” என்றார்.

ஊரில் போரின்போது நாங்கள் தஞ்சமிருந்த கோயிலில் ஷெல் விழுந்தபோது, செருப்புகள் எல்லாம் வழக்கப்படி வாசலுக்கு வெளியே குவிந்து கிடந்தன. தேடி எடுக்க நேரமிருக்கவில்லை. நானும் அம்மாவும் வெறுங்காலோடு ஓடினோம். அப்பா உள்ளேயே கிடந்தார்.

எங்கள் முறை வந்தது. அம்மா குனிந்து தன் சப்பாத்துகளைக் கழற்றி, எழுந்து ஓடினால் கால் நுழைக்கத் தோதாக, முனை வாசலைப் பார்க்கும்படி வைத்தார். பிறகு என்னுடையவற்றையும் திருப்பி வைத்தார்.